விலகலை யாரிடம் தெரிவிப்பது? மறதிநோயும் பவர் பத்திரமும்

தன் சொத்தையும் பணத்தையும் தன் சார்பில் இன்னொருவர் நிர்வகிக்கலாம் என்று ஒருவர் எழுதிக்கொடுக்கும் ஆவணம் சட்ட மொழியில் அதிகார ஆவணம் எனப்பட்டாலும், தமிழ்நாட்டின் சார்பதிவாளர் அலுவலக வாசலிலும் வங்கி மேலாளர் அறையிலும் அதற்கு வழங்கும் பெயர் பவர் பத்திரம் என்பதே. வயது முதிர்ந்த தாயோ தந்தையோ தம் மக்களுள் ஒருவருக்கு இத்தகைய பத்திரத்தை எழுதிக்கொடுப்பதும், வாடகை வசூல், வீட்டு வரி, வங்கிக் கணக்கு, தேவைப்பட்டால் நிலத்தை விற்பது ஆகியவற்றை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்வதும் நடுத்தரக் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டன. பொறுப்பை ஏற்பது பற்றி நடக்கும் பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட அதை விட்டு விலகுவது பற்றி நடப்பதில்லை. பெற்றவருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் முற்றிய நிலையில், சோர்வினாலோ, வெளிநாட்டு வேலையினாலோ, உடன்பிறந்தார் கொண்ட ஐயத்தினாலோ பொறுப்பிலிருந்து இறங்க விரும்பும் மகனோ மகளோ எதிர்கொள்ளும் முதல் கேள்வி, இந்த விலகலை யாரிடம் தெரிவிப்பது என்பதுதான். அதிகாரம் கொடுத்தவரிடம்தான் அதைத் திருப்பித் தரவேண்டும். ஆனால் பெற்றுக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. இந்த முடிச்சை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு விதமாக அவிழ்த்திருக்கிறது. இந்தியச் சட்டம் அதை அவிழ்க்காமலே விட்டுவிட்டது.

இந்தியாவில் பவர் பத்திரத்துக்கு அடிப்படையாக இருப்பவை இரண்டு சட்டங்கள். 1882ஆம் ஆண்டின் அதிகார ஆவணச் சட்டம் சில பக்கங்களில் முடிந்துவிடும் சிறிய சட்டம். அதிகாரம் அளித்தவருக்கும் முகவருக்கும் இடையிலான உறவின் தொடக்கம், கடமை, முடிவு ஆகிய அனைத்தையும் வகுப்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே. அதன் 201ஆம் பிரிவு, முகவர் உறவு முடியும் வழிகளை ஒரே மூச்சில் சொல்லிச் செல்கிறது: அதிகாரம் அளித்தவர் அதைத் திரும்பப் பெறலாம், முகவர் தாமே பொறுப்பைத் துறக்கலாம், எடுத்த காரியம் நிறைவேறலாம், இருவரில் ஒருவர் இறக்கலாம் அல்லது சித்த சுவாதீனம் இழக்கலாம், அதிகாரம் அளித்தவர் நொடித்துப்போனவராக நீதிமன்றத்தால் அறிவிக்கப்படலாம். முகவர் துறக்க விரும்பினால் நியாயமான முன்னறிவிப்புத் தரவேண்டும் என்றும், தராததால் விளையும் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றும் 206ஆம் பிரிவு கூறுகிறது. துறப்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பதுகூட இல்லை. நடத்தையாலேயே அதை உணர்த்தலாம் என்று 207ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆக, பெற்றவர் தெளிந்த அறிவோடு இருக்கும்வரை விலகுவது எளிது. பதிவுத் தபாலில் ஒரு கடிதம், ஒப்படைக்கும் கணக்கு, ஒப்படைக்கும் பத்திரக் கட்டு, அவ்வளவே.

மறதிநோய் முற்றியபின் நிலைமை தலைகீழாகிறது. சித்த சுவாதீனம் இழப்பது முகவர் உறவை முடித்துவிடும் என்று 201ஆம் பிரிவே சொல்வதால், முகவர் விலகுவதைப் பற்றி எண்ணத் தொடங்கும் முன்பே அவர் வகித்த பதவி சட்டத்தின் பார்வையில் மறைந்துவிட்டது. தாய்க்கு நினைவு தவறினால் உதவட்டும் என்று எழுதிவைத்த பத்திரம், அந்த நினைவு தவறிய நாளிலேயே செல்லாததாகிறது. ‘திரும்பப் பெற முடியாத பவர்’ என்ற சொற்களைப் பத்திரத்தில் சேர்த்துவிட்டால் இந்த விளைவைத் தடுக்கலாம் என்று பத்திரம் எழுதுவோர் சிலர் நம்பினாலும், 202ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பை அளிப்பது அந்தச் சொத்தில் முகவருக்கே சொந்த உரிமை இருக்கும்போது மட்டும்தான். தந்தைக்குப் பின் தனக்கு வரும் என்ற எதிர்பார்ப்பு அத்தகைய உரிமை ஆகாது.

அப்படியானால் விலகுவதற்கு எதுவும் மீதமில்லை, பேசாமல் இருந்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிடவும் முடியாது. அதிகாரம் போனாலும் ஒரு கடமை எஞ்சுகிறது. அதிகாரம் அளித்தவர் இறந்ததாலோ சித்த சுவாதீனம் இழந்ததாலோ முகவர் உறவு முடிந்தால், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைக் காக்கவும் பேணவும் நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் முகவர் எடுத்தாக வேண்டும் என்கிறது 209ஆம் பிரிவு. ஆனால் அந்தக் கடமையை அவர் ஆற்றவேண்டியது அதிகாரம் அளித்தவருடைய ‘பிரதிநிதிகள்’ சார்பில். இறந்தவருக்கு வாரிசுகளோ உயில் நிறைவேற்றுநரோ பிரதிநிதிகளாக உண்டு. உயிரோடு இருந்து அறிவு மங்கியவருக்குப் பிரதிநிதி யார்? உயிரோடு இருப்பவருக்கு வாரிசு என்று எவரும் இல்லை என்பது சட்டத்தின் பழைய கோட்பாடு; நீதிமன்றம் காப்பாளர் ஒருவரை நியமிக்காதவரை அந்த இடம் வெற்றிடமே. இறந்தவரையும் அறிவு மங்கியவரையும் ஒரே வாக்கியத்தில் அடைத்த 1872ஆம் ஆண்டின் சட்ட வரைவாளர்கள், இரண்டாமவர் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும் என்பதை எண்ணிப்பார்க்கவில்லை. அக்காலத்து ஆயுளை நினைத்தால் அவர்களைப் பெரிதாகக் குறைசொல்லவும் முடியாது. இன்றைய கணக்கு வேறு: 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது.

அதிகாரம் எந்த நாளில் மறைந்தது என்பதும் சிக்கலானது. மறதிநோய் ஒரே நாளில் வருவதில்லை. மருத்துவர் நோயின் பெயரை எழுதிய தேதியும் சட்டம் பேசும் சித்த சுவாதீன இழப்பின் தேதியும் ஒன்றல்ல. ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு, தன் நலனுக்கு அது எப்படிப்பட்டது என்று பகுத்தறிந்து முடிவெடுக்க முடிந்தால் ஒருவர் தெளிந்த மனத்தினர் என்கிறது அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு. பெரும்பாலும் தெளிவின்றி இருந்து இடையிடையே தெளிவு பெறுபவர்கூட அந்தத் தெளிந்த இடைவெளியில் ஒப்பந்தம் செய்யலாம் என்றும் அது ஏற்கிறது. நோயின் தொடக்க நிலையில் இருக்கும் தாய், பேத்தியின் பெயரை மறந்தாலும், தன் வீட்டை யார் நிர்வகிக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும். விலக எண்ணும் பிள்ளைக்கு இந்தக் காலப்பகுதியைப் போல மதிப்புள்ளது வேறில்லை. விலகலை அவர் அப்போதே எழுத்தில் தெரிவித்தால், தாய் அதைப் பெற்றுக்கொள்ளவும், பழைய பத்திரத்தை ரத்து செய்யவும், வேறொரு பிள்ளைக்கோ நம்பகமான உறவினருக்கோ புதிய பத்திரம் எழுதவும், வங்கிக் கணக்கை இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றவும் இயலும். அந்தப் புதிய பத்திரமும் ஒருநாள் செல்லாமல் போகும் என்பது உண்மையே. ஆனாலும் யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற தாயின் விருப்பம் பதிவாகிவிடும். பின்னாளில் காப்பாளரை நியமிக்கும் நீதிமன்றத்துக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பதரிது.

இந்தியச் சட்டத்தின் இந்த விதி இங்கிலாந்தின் பொதுச் சட்டத்திலிருந்து வந்தது. அங்கே அது எத்தகைய இடர்களை உண்டாக்கியது என்பதை இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன. 1879இல் முடிவான ட்ரூ எதிர் நன் வழக்கில், தன் பெயரில் பொருள் வாங்க மனைவிக்கு அதிகாரம் தந்த கணவர் பின்னர் மனநலம் குன்றினார். அதை அறியாத காலணி வணிகர் மனைவிக்குத் தொடர்ந்து கடன் கொடுத்துவந்தார். குணமடைந்து திரும்பிய கணவர் பணம் தர மறுத்தபோது, மனநலம் குன்றியதும் அதிகாரம் முடிந்தது உண்மை என்றாலும், அதை அறியாத வணிகருக்கு அவர் கடன்பட்டவரே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 1910இன் யாங் எதிர் டாயின்பி வழக்கு இன்னும் கடுமையானது. தம் கட்சிக்காரர் மனநலம் குன்றியது தெரியாமலே அவர் சார்பில் வழக்கை நடத்திச் சென்ற வழக்கறிஞர்கள், இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டியதற்காக, எதிர்த்தரப்பின் செலவைத் தம் சொந்தப் பொறுப்பில் கொடுக்க வேண்டியதாயிற்று. அறியாமை அவர்களைக் காக்கவில்லை. இந்தியச் சட்டம் இவ்விடத்தில் சற்று இரக்கம் காட்டுகிறது: அதிகாரம் முடிந்தது முகவருக்குத் தெரியும்வரை அவரைப் பொறுத்தும், பிறருக்குத் தெரியும்வரை அவர்களைப் பொறுத்தும் அது முடிந்ததாகக் கொள்ளப்படாது என்று 208ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் தாயுடன் ஒரே வீட்டில் வாழ்ந்து, அவரை நரம்பியல் மருத்துவரிடம் தானே அழைத்துச் சென்ற மகன், எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? இந்தச் சலுகையால் பயன்பெறக்கூடியவர்கள் தொலைவில் உள்ளவர்களே. அருகில் இருந்து பார்த்துக்கொள்பவருக்கு அது உதவுவது அரிது.

இங்கிலாந்து 1985இல் வழியை மாற்றியது. அறிவு மங்கிய பிறகும் செல்லுபடியாகும் அதிகார ஆவணம் ஒன்றை அவ்வாண்டின் சட்டம் உருவாக்கியதோடு, இக்கட்டுரையின் கேள்விக்கும் நேரடியாக விடைசொன்னது: அதிகாரம் அளித்தவர் தெளிவோடு இருக்கும்வரை முகவர் தம் விலகலை அவரிடம் தெரிவிக்க வேண்டும், அவருடைய மனத்திறன் குறையத் தொடங்கியதாக நம்பக் காரணம் ஏற்பட்டபின், அல்லது ஆவணம் பதிவானபின், நீதிமன்றத்திடம் தெரிவிக்க வேண்டும், அவ்வாறு தெரிவிக்காதவரை விலகல் செல்லாது. பெறுபவர் இயலாதவராகும் அந்தப் புள்ளியிலேயே வேறொரு பெறுபவரைச் சட்டம் நிறுத்திவைத்தது. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், 2007 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, இதன் இடத்தில் நிலைத்த அதிகார ஆவணம் என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பொதுக் காப்பாளர் என்னும் அதிகாரியின் அலுவலகத்தில் பதிவு செய்தாலன்றி அதைப் பயன்படுத்த முடியாது. சொத்துக்கும் பணத்துக்கும் ஒன்று, உடல்நலத்துக்கும் பராமரிப்புக்கும் மற்றொன்று என அது இருவகைப்படும். விலக விரும்பும் முகவர் அதற்கென உள்ள படிவத்தை நிரப்பி, அதிகாரம் அளித்தவருக்கு அனுப்பி, படிகளைப் பொதுக் காப்பாளருக்கும் உடன் முகவர்களுக்கும் அனுப்ப வேண்டும். படிக்க இயலாத நிலையில் இருந்தாலும் அந்தப் படிவம் முதலில் போய்ச்சேர வேண்டியது அதிகாரம் அளித்தவரிடமே என்பது கவனிக்கத்தக்கது. அவருடைய பத்திரம் அது. மற்றவர்கள் பெறுவது படி மட்டுமே.

விலகலின் விளைவு, ஆவணத்தை எழுதிய நாளில் எடுத்த ஒரு முடிவைப் பொறுத்தது. இரு பிள்ளைகளைச் ‘சேர்ந்தே செயல்பட வேண்டும்’ என்று நியமித்திருந்தால், மாற்று முகவர் பெயர் குறிக்கப்படாத நிலையில், ஒருவர் விலகியதும் மற்றவருடைய அதிகாரமும் அற்றுப்போகிறது. ‘சேர்ந்தும் தனித்தும்’ என்று எழுதியிருந்தால் மற்றவர் தொடரலாம். பிள்ளைகளுக்குள் சமன் வேண்டும் என்று கருதி முதல் வகையைத் தேர்ந்த பெற்றோர், ஒருவர் சோர்ந்து விலகும் நாளில் இருவரையும் இழக்கிறார். எவரும் எஞ்சாவிட்டால், மனத்திறன் இழந்தவர்களின் விவகாரங்களுக்கென அங்கு இயங்கும் தனி நீதிமன்றத்தை அணுகி, நிர்வகிப்பவர் ஒருவரை நியமிக்கக் கோர வேண்டும். அவ்வாறு நியமிக்கப்பட்டவர் கடிதம் எழுதிவிட்டு இறங்கிவிட முடியாது. தம்மை விடுவிக்குமாறு அதே நீதிமன்றத்தைத்தான் கேட்க வேண்டும். தமிழர்களும் கணிசமாக வாழும் சிங்கப்பூர், 2008இல் இயற்றி 2010இல் நடைமுறைப்படுத்திய தன் மனத்திறன் சட்டத்தைப் பெரிதும் இந்த ஆங்கில முன்மாதிரியிலேயே அமைத்துக்கொண்டது.

அமெரிக்கா எடுத்த வழி நீதிமன்றத்தைக் கூடியவரை ஒதுக்கிவைப்பது. மாநிலங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளுமாறு 2006இல் வரையப்பட்ட சீரான அதிகார ஆவணச் சட்டம், முகவர் விலகுவதற்கென்றே 118ஆம் பிரிவை ஒதுக்கி, அறிவிப்பைப் பெறவேண்டியவர்களை வரிசைப்படுத்துகிறது. அதிகாரம் அளித்தவருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும்; அவர் இயலாதவராக இருந்தால், நீதிமன்றம் நியமித்த காப்பாளருக்கும், உடன் முகவருக்கு அல்லது அடுத்த முகவருக்கும் தெரிவிக்க வேண்டும்; இவர்களில் எவரும் இல்லையென்றால், அவரைப் பராமரித்துவருபவரிடமோ, அவருடைய நலனில் போதிய அக்கறை உள்ளவர் என்று நியாயமாக நம்பத்தக்க ஒருவரிடமோ, அவரைக் காக்கும் அதிகாரமுள்ள அரசுத் துறையிடமோ தெரிவிக்கலாம். வீட்டில் தங்கிக் கவனித்துக்கொள்ளும் பணியாள்கூடச் சட்டப்படி இந்த அறிவிப்பைப் பெறத்தக்கவர் என்பது முதலில் வியப்பைத் தந்தாலும், அதன் உள்நோக்கம் தெளிவு: கைவிடப்பட்டவர் இருக்கிறார் என்பது யாரேனும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில முறையின் ஒழுங்கும் அமெரிக்க முறையின் நடைமுறை உணர்வும் ஒப்பிடப்பட்டால், அலுவலகங்களின் வேகம் நாமறிந்ததே என்பதால், இந்தியச் சூழலுக்கு இரண்டாவதே நெருக்கமாகத் தோன்றுகிறது.

இந்திய நடைமுறையில் பெரும்பாலான பிள்ளைகள் விலகுவதும் இல்லை, அதிகாரம் மறைந்ததை ஒப்புக்கொள்வதும் இல்லை, தொடர்ந்து கையெழுத்திடுகிறார்கள். மருந்துக்கும் பராமரிப்பாளர் சம்பளத்துக்கும் மாதந்தோறும் பணம் தேவைப்படும்போது அவர்களைக் குற்றம்சாட்டுவது எளிதல்ல. பவர் முகவர் வழியாக விற்பனை நடக்கும்போது, அதிகாரம் அளித்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான மருத்துவர் சான்றைத் தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகங்கள் கேட்கின்றன. இறந்தவர் பெயரில் நடந்த மோசடிகளைத் தடுக்க அது தேவையான ஏற்பாடுதான். ஆனால் உயிர் இருப்பதற்குச் சான்று கேட்கும் அமைப்பு, அறிவு இருக்கிறதா என்ற கேள்வியை எழுப்பாமலே பத்திரத்தைப் பதிந்துவிடக்கூடும். அத்தகைய விற்பனையைப் பின்னாளில் இன்னொரு பிள்ளை எதிர்த்து வழக்குத் தொடுத்தால், வாங்கியவர் வரை சிக்கல் நீள்கிறது. கூடப்பிறந்தவர்களின் ஐயம் பெரும்பாலும் வெடிப்பது இந்த இடத்தில்தான். நேர்மையாகச் செலவிட்டவரும் மருந்துக்கடைச் சீட்டுகளை வைத்திருக்காததால் திணறுகிறார். கேட்டபோது சரியான கணக்குக் காட்டவேண்டும் என்ற 213ஆம் பிரிவின் கடமை, விலகிவிட்டேன் என்று சொல்வதால் கடந்த காலத்துக்குத் தீர்ந்துவிடுவதில்லை.

நோய் முற்றியபின் இந்தியாவில் முறையாக விலகுவது, ஆகவே, ஒரு கடிதத்தால் முடியும் செயல் அன்று. இனிக் கையெழுத்திடாமல் நிறுத்துதல், அதிகாரம் முடிந்ததை வங்கிக்கும் வாடகைதாரருக்கும் எழுத்தில் தெரிவித்தல், அன்றுவரையிலான வரவுசெலவைப் பட்டியலிட்டு மூலப் பத்திரங்களோடு மற்ற உடன்பிறந்தார் அறியும்படி வைத்தல், கெட்டுப்போகக் கூடியவற்றையும் கெடு முடியக் கூடியவற்றையும் 209ஆம் பிரிவின்படி காத்தல், காப்பாளர் நியமனத்துக்கு யாரேனும் நீதிமன்றத்தை அணுகும்வரை அந்தக் காவலைத் தொடர்தல் என அது நீள்கிறது. வங்கிக்குத் தெரிவிப்பதில் ஓர் இடர் உண்டு. தெரிவித்த நாளிலிருந்து பழைய பவரின் பேரில் பணம் எடுக்க முடியாது என்பதால், அடுத்த ஏற்பாடு இன்றி நேர்மையாக நடந்துகொள்பவர் தாயின் மருத்துவச் செலவுக்கே வழியை அடைத்துவிடுகிறார்.

அடுத்த ஏற்பாடு என்பதுதான் கடினமானது. சொத்துள்ள மனநோயாளியின் நிலையை மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, காப்பாளரையும் சொத்து மேலாளரையும் நியமிக்க 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் ஒரு முழு அத்தியாயத்தை வைத்திருந்தது. நோயாளியின் உரிமைகளை முன்னிறுத்திய 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கியபோது, அந்த அத்தியாயத்துக்கு மாற்று எதையும் வைக்கவில்லை. புதிய சட்டம் அனுமதிக்கும் நியமனப் பிரதிநிதி சிகிச்சை தொடர்பானவற்றுக்கே உரியவர். சொத்தில் அவருக்குக் கையில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்ற வழியைத் திறந்தாலும், அந்தக் காப்பாளர் சம்பந்தப்பட்டவரைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்ற நிபந்தனை, பேச்சே அற்றுப்போன முதியவரிடம் எப்படிப் பொருந்தும் என்பது தெளிவில்லை. எனவே குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தின் வாசலுக்கு வருகின்றன. தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவருக்கு அரசே பெற்றோரின் இடத்தில் நிற்கும் என்ற பழைய கோட்பாட்டை, அரசமைப்பின் 226ஆம் உறுப்பு தரும் அதிகாரத்தோடு இணைத்து, உயர் நீதிமன்றங்கள் காப்பாளர்களை நியமித்துவருகின்றன. நினைவிழந்து கோமாவில் கிடப்பவர்களுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024இல், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க அனுமதி கேட்ட மனைவியை உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகுமாறு தனி நீதிபதி திருப்பியனுப்ப, இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி அவரையே காப்பாளராக நியமித்தது. கோமா வழக்குகளில் இயலாமை வெளிப்படையானது. ஆளைப் பார்த்தவுடன் தெரியும். மறதிநோயில் மருத்துவக் குழுவின் மதிப்பீடே வழக்கின் மையமாகிவிடுகிறது. உடன்பிறந்தாரில் ஒருவர், அம்மா என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார் என்று சொன்னால் போதும், மனு மாதக்கணக்கில் நீளும்.

பவர் முகவராக விலகுபவர் பிள்ளை என்ற நிலையிலிருந்து விலகுவதில்லை என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, விதிக்கும் பராமரிப்புக் கடமை பத்திரத்தால் பிறந்ததன்று. எனவே பத்திரத்தோடு அது முடிவதுமில்லை. குடும்பச் சண்டைகளில் இவ்விரண்டும் கலக்கப்படுகின்றன: பொறுப்பை விட்டவர் தாயையே விட்டவர் என்று தூற்றப்படுகிறார், அந்தத் தூற்றலுக்கு அஞ்சி, இயலாதவரும் கையெழுத்திட்டுக்கொண்டே இருக்கிறார்.

அதிகார ஆவணச் சட்டம் பிறந்த அதே 1882இல்தான் இந்திய அறக்கட்டளைச் சட்டமும் பிறந்தது. பொறுப்பை ஏற்றபின் அறங்காவலர் அதைத் துறக்க வேண்டுமானால், பத்திரமே அதற்கு இடமளிக்க வேண்டும், அல்லது ஒப்பந்தத் தகுதியுள்ள பயனாளி சம்மதிக்க வேண்டும், அல்லது முதன்மை உரிமையியல் நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும் என்று அதன் 46ஆம் பிரிவு விதித்தது. சிறார்களின் காப்பாளர் விலக விரும்பினால் தம்மை விடுவிக்குமாறு நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்று 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் 40ஆம் பிரிவில் சொன்னது. விலகலைப் பெற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பதை அக்காலச் சட்ட வரைவாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். முகவர் விஷயத்தில் மட்டும் அதைச் சொல்லாமல் விட்டனர். இங்கிலாந்தைப் போலத் தனி அலுவலகமும் தனி நீதிமன்றமும் அமைக்கும் பெருஞ்சட்டம் வரும்வரை காத்திராமல், 206, 209 ஆகிய பிரிவுகளோடு ஓர் உட்பிரிவைச் சேர்த்தே இக்குறையைப் பெருமளவு தீர்க்கலாம்: அதிகாரம் அளித்தவர் இயலாதவரானால், முகவரின் விலகல் அறிவிப்பையும் இறுதிக் கணக்கையும் மாவட்ட நீதிமன்றம் பெற்றுக்கொண்டு, மற்ற வாரிசுகளுக்கு அறிவித்து, காப்பாளர் நியமிக்கப்படும்வரை மருத்துவத்துக்கும் அன்றாடத்துக்கும் வேண்டிய தொகையை மட்டும் எடுக்க அதே முகவரையோ வேறொருவரையோ அனுமதிக்கலாம். பவர் பத்திரம் எங்கே பதிவானதோ அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் பதிவேட்டிலேயே விலகலையும் குறித்துவைத்தால், அந்தப் பத்திரத்தைக் காட்டி நிலம் விற்க வருபவரை வாங்குபவர் அங்கேயே அடையாளம் கண்டுகொள்வார்.